பனையோலை, பழஞ்சீலை, நுங்குக் கோம்பை: மாதத்துக்கு மாதம் பிள்ளையளோட வீட்டில என்ன கைவேலை?

குளக்கரை (விசுவமடு)

எல்லாருக்கும் வணக்கம். 5, 9, 12 வயதுப் பிள்ளையள் இருக்கிற வீட்டுக்கு ஆண்டு முழுக்கச் செய்யக்கூடிய கைவேலையை இந்த இழையில ஒண்டாச் சேர்ப்பம். காசு குடுத்து வாங்கிற சாமான் குறைவா இருக்கவேணும். வளவில இருக்கிறதும் வீட்டில கழிஞ்சதுந்தான் முதல்.

முதலில கேக்கிறது மூண்டு. சார்வோலை (விரியாத பனங்குருத்தைக் காயவைச்ச ஓலை) எப்ப எடுத்து எப்பிடி வைச்சால் மாரி முழுக்கப் பூஞ்சணம் பிடிக்காது? சோளகம் (தென்மேற்குக் காத்து) அடிக்கேக்க இழைக்கிற ஓலை ஏன் வெடிக்குது? ஐப்பசி, கார்த்திகையில வெளியில போகேலாத நாளுக்கு ஓலையை விட்டால் வேற என்ன இருக்கு?

சார்வோலை (பூநகரி)

தங்கச்சி, ஓலைவேலையில வாற கரைச்சல் முக்கால்வாசியும் ஈரப்பதத்தால வாறதுதான். அதைப் பிடிச்சிட்டால் மிச்சம் கைப்பழக்கம்.

குருத்து எடுக்கிறதுக்கு இரண்டு காலம் இருக்கு. தைப்பொங்கல் கழிஞ்சு மழை விட்டு மாசி வெயில் ஏறேக்க ஒண்டு. சித்திரை மழை துமிக்க முன்னம் ஓலை காய்ஞ்சு உள்ளுக்க வந்திடவேணும். மற்றது ஆனியில இருந்து ஆவணி வரை. புரட்டாதி நடுப்பகுதி தாண்டினால் எடுக்காதேங்கோ. காயமுன்னம் மழை பிடிச்சால் அந்த ஓலை கறுத்து, தடுக்குக்குக்கூட (சின்னப் பாய்) உதவாது.

குருத்து விரியாமல் கூம்பி நிக்கேக்கதான் எடுக்கவேணும். பாதி விரிஞ்சு பச்சை ஏறினதை எடுத்தால் காய்ஞ்ச பிறகும் வெள்ளை வராது, மடிப்பில முறியும். எடுத்த அண்டைக்கே மடிப்பைக் குலைச்சு வெயிலில விரியுங்கோ. ஈர்க்கை அப்ப எடுக்கத் தேவையில்லை. முதல் நாள் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பிரட்டிப் போடவேணும். ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கிடந்த இடத்தில மஞ்சள் கறை விழும், அது பிறகு போகாது. நல்ல வெயிலெண்டால் 3 அல்லது 4 நாள் காணும். ஈர்க்கை வளைச்சுப் பாருங்கோ. சட்டெண்டு முறிஞ்சால் காய்ஞ்சுது, வளைஞ்சு குடுத்தால் இன்னும் ஒரு வெயில் வேணும்.

மத்தியானச் சூட்டோட சுருட்டினால் மடிப்பெல்லாம் வெடிக்கும். கடைசி இரவு வெளியிலயே விட்டு, விடியப்புறம் பனி வாங்கி ஓலை இளகி நிக்கேக்க சுருட்டிக் கட்டுங்கோ. சோளகக் காலத்தில பனி இராது, அப்ப ஈரத்துணியால ஒருக்கால் துடைச்சால் சரி. கட்டின சுருளைத் திரும்பவும் ஒரு முழு வெயில் காட்டித்தான் உள்ளுக்க எடுக்கவேணும். பலபேர் விடுறது இந்தக் கடைசி வெயிலை. சுருளுக்குள்ள நிண்ட பனி ஈரத்திலதான் மாரியில பூஞ்சணம் பிடிக்குது.

வைக்கிற இடம்: நிலத்தில வைக்காதேங்கோ, வன்னி மண்ணில கறையான் சொல்லி வைச்ச மாதிரி வரும். விறகடுப்பு இருந்தால் அதுக்கு மேல பரண், நெருப்பு எட்டாத உயரத்தில. புகை பூஞ்சணத்தையும் பூச்சியையும் அண்டவிடாது. ஆனால் ஓலை கொஞ்சம் சிவக்கும், கடகத்துக்கும் பாய்க்கும் அது பரவாயில்லை. வெள்ளையா வைச்சுப் பூப்பெட்டி, கைப்பை செய்யப் போறீங்களெண்டால் பேப்பரில சுத்தி, கழுவிக் காயவைச்ச மாச்சாக்குக்குள்ள போட்டு உயரத்தில கட்டுங்கோ. அரைகுறையாக் காய்ஞ்சதைப் பொலித்தீனில மூடிக் கட்டினால் ஒரு கிழமையில கறுத்திடும்.

வடலி (மாங்குளம்)

அக்கா சொன்னதோட மரத்தின்ர பக்கத்தையும் பாக்கவேணும். பனைக்கு வளருற முனை ஒண்டே ஒண்டுதான். குருத்தை அடிவரைக்கும் நோண்டி எடுத்தால் அந்த முனை காயப்பட்டு அழுகும், மரம் பட்டுப்போகும். வெட்டுக்காயத்தின்ர மணத்துக்குச் செங்கூன்வண்டும் வரும். அதால ஒரு வடலியில (இளம்பனையில) ஒரு குருத்து எடுத்தால், அடுத்த குருத்து எழும்பி விரிஞ்சு பச்சை ஓலையாகும்வரை அதில கைவைக்காதேங்கோ. மாசியில ஒரு வரிசை வடலி, ஆடியில வேற வரிசை எண்டு பிரிச்சு வைச்சால் எல்லா மரமும் தப்பும்.

பிள்ளையளை மரத்தடியில விடாதேங்கோ. மட்டைக் கருக்கு தோலைக் கிழிச்சிடும். காவோலைக் குவியலுக்குள்ள கை வைக்கிறதும் கூடாது. தேள், மட்டத்தேள், சிலநேரம் பாம்பு. தடியால தட்டி, பிரட்டி, பிறகுதான் இழுக்கவேணும்.

மல்லாவி ரீச்சர்

சோளகக் காற்றில் ஓலை வெடிப்பதற்குக் காரணம், பின்னிக்கொண்டிருக்கும்போதே வார்ந்த (கீலமாகக் கீறிய) ஓலையின் ஈரம் பறந்துவிடுவது. முன்விறாந்தை காற்றோட்டமாக இருக்கும் என்று அங்கே இருந்து இழைக்கிறோம், அதுதான் பிழை. உள் அறையில், காலை 8 மணிக்கு முன்னரோ பின்னேரம் 5 மணிக்குப் பிறகோ இழையுங்கள். வார்ந்த ஓலைக்குத் தண்ணீர் தெளித்து, பிழிந்த ஈரத்துணியில் அரை மணித்தியாலம் சுற்றி வைக்க வேண்டும். ஒரு தடவைக்கு எடுப்பது கைப்பிடி அளவு, மீதி துணிக்குள்ளேயே இருக்கட்டும்.

தண்ணீரில் ஊறப்போடுவது வேண்டாம். ஊறிய ஓலை உப்பியிருக்கும். அப்படியே இறுக்கிப் பின்னினால் பின்னும்போது வடிவாக இருக்கும், இரண்டு நாளில் காய்ந்து சுருங்கியதும் கண்ணுக்குக் கண் இடைவெளி தெரியும். ஓலை வளைய வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக்கூடாது. அதுதான் பதம்.

வயதுக்கேற்ற வேலையைப் பற்றியும் சொல்கிறேன். 5 வயதுக்குக் காற்றாடியும் ஓலை மோதிரமும், வார்ந்த ஓலையை நீளம் பார்த்துப் பிரித்து அடுக்குவதும் போதும். 9 வயதில் தடுக்கும் சிறு பெட்டியும் வரும். சத்தகம் (ஓலை வாரும் சிறு கத்தி) 12 வயதுக்கு முன்னர் கையில் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போதும் ஓலையைப் பலகையில் அழுத்தி, கத்தி தன்னைவிட்டு வெளிப்பக்கம் போகுமாறு வாரப் பழக்குங்கள்.

குளக்கரை (விசுவமடு)

நன்றி ரீச்சர், நன்றி அக்கா. 9 வயதுக்காரிக்கு முதல் பெட்டி எண்டால் எத்தினை ஓலை, என்ன அகலம், என்ன நீளம்? “கண் அளவில போடு” எண்டு சொன்னால் பிள்ளைக்கு விளங்குதில்லை.

சார்வோலை (பூநகரி)

கணக்காச் சொல்லுறன். அகலம் 8 மில்லிமீற்றர், நீளம் 50 சென்ரிமீற்றர், மொத்தம் 32 ஓலை. 16 நிமிர்த்தி, 16 குறுக்க.

அகலம் ஒண்டுக்கொண்டு மாறினால் பெட்டி கோணும், வேற எந்தப் பிழையையும்விட இதுதான் முதல் பெட்டியைக் கெடுக்கும். சின்ன மரக்கட்டையில இரண்டு தையல் ஊசியை 8 மில்லிமீற்றர் இடைவெளியில அடிச்சு, முனை கொஞ்சமாத் துருத்தி நிக்க விடுங்கோ. ஓலையை விரிச்சு அதால ஒரு இழுவை இழுத்தால் ஒரே அகலத்தில கீறி வரும். இதையும் பெரியாக்கள்தான் செய்யவேணும்.

16க்கு 16 ஒண்டு விட்டு ஒண்டாப் பின்னினால் 13 சென்ரிமீற்றர் சதுரம் வரும். ஒவ்வொரு பத்து நிமிசமும் நாலு பக்கத்தாலும் நடுவை நோக்கி விரலால தள்ளி நெருக்குங்கோ. நெருக்காமல் விட்டால் சதுரம் 14, 15 எண்டு பரந்து, மூலை எழும்பாது.

இப்ப முக்கியமான இடம். பெட்டியின்ர மூலை வாறது சதுரத்தின்ர மூலையில எண்டுதான் பிள்ளையள் நினைப்பினம். அங்க வராது, பக்கத்தின்ர நடுவிலதான் வரும். ஒவ்வொரு பக்கத்திலும் 16ஐ 8, 8 ஆப் பிரிச்சு, நடுவில நிக்கிற இரண்டு ஓலையையும் ஒண்டுக்கு மேல ஒண்டு குறுக்க மாத்தி இழுத்தால் அந்த இடம் தானா எழும்பும். அதால ஓலை எண்ணிக்கை எப்பவும் இரட்டைப்படையா இருக்கவேணும். 15 போட்டால் ஒரு மூலை சரிஞ்சு நிக்கும். நாலு நடுவும் எழும்பினதும் அடி 9 சென்ரிமீற்றர் சதுரமா வந்திருக்கும். எழும்பின மூலை ஒவ்வொண்டையும் உடுப்புக் கிளிப் போட்டுப் பிடிச்சிட்டு அடுத்த மூலைக்குப் போங்கோ, இல்லாட்டி முதல் மூலை குலையும்.

பிறகு சுத்திச் சுத்திப் பின்னி 7 சென்ரிமீற்றர் உயரம் வந்ததும் விளிம்பு. உள்ளுக்க ஒரு ஈர்க்கு வளையம் வைச்சு, ஓலை நுனியை அதுக்கு மேலால மடிச்சு, வெளிப்பக்கம் இரண்டு மூண்டு கண்ணுக்கடியால செருகி வெட்டுங்கோ. நுனி 5 சென்ரிமீற்றருக்குக் குறைஞ்சால் செருக இடம் காணாது, காய்ஞ்சதும் கழண்டு வரும். 50 சென்ரிமீற்றர் நீளம் சொன்னது அதுக்காகத்தான்.

மூடி வேணுமெண்டால் 18க்கு 18 போடுங்கோ. அடி 10 சென்ரிமீற்றர் வரும், இறுக்கமில்லாமல் மூடும்.

செம்மண்தெரு (கிளிநொச்சி)

ஓலை நல்ல வெள்ளையா வர கந்தகம் புகைக்கிறவை. பெட்டிக்குள்ள மூடி வைச்சு இரவு முழுக்க விட்டால் பளீரெண்டு இருக்கும். கொஞ்சக் கந்தகந்தான் தேவை.

மல்லாவி ரீச்சர்

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைச் செய்யவே வேண்டாம். கந்தகம் எரியும்போது வரும் வாயு தொண்டையையும் நெஞ்சையும் அரிக்கும், இழுப்பு உள்ள பிள்ளைக்கு மூச்சுத் திணறும். கொஞ்சம் என்றாலும் அந்தப் பெட்டியைத் திறக்கும் ஆளின் முகத்தில்தான் அடிக்கும். வெளிறாத ஓலையை உள்ளடுக்குக்கு வையுங்கள், அல்லது சாயத்துக்கு எடுங்கள்.

ஒட்டுசுட்டான் அன்ரி

சாயத்துக்கு அளவு சொல்லுறன் பிள்ளை. அரைக் கிலோ காய்ஞ்ச ஓலைக்கு 5 லீற்றர் தண்ணி, கடையில விக்கிற ஓலைச்சாயம் ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு பிடி. சாயத்தை முதலில ஒரு கோப்பை சுடுதண்ணியில கட்டியில்லாமல் கரைச்சு, துணியால வடிச்சுக் கொதிக்கிற பானைக்குள்ள விடுங்கோ. கரையாத தூள் ஓலையில பட்டால் புள்ளி புள்ளியாத் தெரியும். ஓலையைப் போட முன்னம் பச்சைத்தண்ணியில நனைச்செடுங்கோ, அப்பதான் ஒரே சீராப் பிடிக்கும். 20, 30 நிமிசம் பிரட்டிப் பிரட்டி அவிச்சு, பானையிலயே ஆறவிட்டு, அலசி நிழலில காயப்போடுங்கோ. வெயிலில போட்டால் ஒரு பக்கம் வெளிறும்.

மஞ்சளில அவிச்சாலும் வடிவான நிறம் வரும், ஆனால் வெயில் படுற சாமானுக்கு ஆகாது, கெதியில மங்கிப்போகும்.

சாயம் அவிச்ச பானையில சமைக்காதேங்கோ. நீத்துப்பெட்டி (பிட்டு அவிக்கிற கூம்புப் பெட்டி), சுளகு, இடியப்பத்தட்டு, பினாட்டுப் (காயவைச்ச பனங்களி) போடுற பாய் எதிலயும் சாய ஓலை ஒண்டுகூட வரக்கூடாது. வடிவுக்கு ஒரு சிவப்புக்கோடு எண்டு போடுறவை இருக்கினம். ஆவி பட்டதும் அது பிட்டில இறங்கும்.

வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சாமான் கொண்டுபோகப் புதுக்கடகம் வேணுமெண்டால் சித்திரைக்கே தொடங்கவேணும். கடகத்துக்குச் சார்வோலை உள்ளுக்க, பச்சையோலை காய்ஞ்சது வெளியில, இரண்டு மடிப்பு. விளிம்பை மட்டையில உரிச்ச நாரால பொத்தவேணும். நாரை இரவே ஊறவைச்சிடுங்கோ. காய்ஞ்ச நாரை இழுத்தால் கையையும் வெட்டும், தானும் அறும்.

மல்லாவி ரீச்சர்

5 வயதுக்காரருக்கு ஆனி, ஆடியில் நுங்குக் கோம்பை (நுங்கு எடுத்த பிறகு மிஞ்சும் வெறுங்காய்) வண்டில். ஒரே அளவான இரண்டு கோம்பை, நடுவில் விரல் மொத்தத்தில் 20 சென்ரிமீற்றர் தடி, தள்ளுவதற்கு நுனி கவரான ஒரு நீளத்தடி. துளையைக் கத்தியால் அகட்டாமல், தடியின் முனையைச் சீவி இறுக்கமாக ஏற்றுங்கள். கோம்பை நாலைந்து நாளில் சுருங்கி வண்டில் ஆடத் தொடங்கும். அப்போது தடியில் துணி சுற்றி இறுக்கலாம், அல்லது புதுக்கோம்பை மாற்றலாம். நுங்குப் பால் உடுப்பில் பட்டால் கறை போகாது, பழைய சட்டையோடு விடுங்கள்.

ஆவணி, புரட்டாதியில் பனம்பழக் களி பிழிந்து எடுத்த பனங்கொட்டை கிடைக்கும். தும்பு நீளமாக நிற்கும் கொட்டையைப் பார்த்து எடுத்து, களி முழுவதும் போகும்வரை இரண்டு மூன்று தண்ணீரில் தேய்த்துக் கழுவி, ஒரு கிழமை வெயிலில் காயவையுங்கள். களி மிச்சமிருந்தால் எறும்பும் இலையானும் மொய்க்கும், மணக்கும். காய்ந்தபின் பழைய சீப்பால் நுனியில் இருந்து அடிக்கு மெதுவாகச் சீவினால் தும்பு தலைமயிர் போல விரியும். முகம் வைக்கும் பக்கத்தில் மட்டும் தும்பை ஒட்ட வெட்டி, கண்ணும் வாயும் கீறலாம். பின்னல் போட்டு ரிப்பன் கட்டுவதைப் பெரிய பிள்ளைகளுக்கு விடுங்கள்.

முதல் மழைக்கு முன்னர் வளவில் கிடக்கும் கோம்பை, சிரட்டை, ஓட்டைப் பொம்மை எல்லாவற்றையும் பிள்ளைகளோடு பொறுக்கி அகற்றுங்கள். ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும், டெங்கு நுளம்பு முட்டையிட.

ஒட்டுசுட்டான் அன்ரி

மிச்சக் கொட்டையளை எறிஞ்சுபோடாதேங்கோ. புரட்டாதி கடைசியில மணல் கலந்த மண்ணை உயர்த்திப் பாத்தி கட்டி நெருக்கமா அடுக்கி மூடிவிட்டால், மாரி மழையிலயே முளைச்சு தை, மாசியில கிழங்கு கிண்டலாம். பாத்தி பள்ளத்தில இருந்தால் தண்ணி நிண்டு அழுகும். கிழங்கைப் பச்சையாப் பிளந்து காயவைச்சால் ஒடியல், அவிச்சுக் காயவைச்சால் புழுக்கொடியல். பிளந்ததைக் கோர்க்கிற வேலை பிள்ளையளுக்கு நல்ல விருப்பம், கிழங்கைப் பிளக்கிறது நீங்கள்.

தையல்பெட்டி (வவுனியா)

மழைக்காலக் கேள்விக்கு நான் வாறன். பழஞ்சீலையில கால்மிதி. பருத்திச் சீலைதான் வேணும். நைலெக்ஸ் (நைலோன் சீலை) தண்ணி உறிஞ்சாது, சீமெந்து நிலத்தில வழுக்கும்.

சீலையை நீளப்பாட்டுக்கு 5 சென்ரிமீற்றர் அகலத்தில கிழியுங்கோ. கத்தரிக்கோலால நுனியில ஒரு வெட்டு, பிறகு கையால இழுத்தால் நூல் பிடிச்சு நேராக் கிழியும். இது சின்னாக்களுக்கு. மூண்டு கீலத்தைச் சேர்த்து தலைப்பின்னல் மாதிரிப் பின்னுங்கோ. மூண்டையும் ஒரே நீளத்தில தொடங்காதேங்கோ, முடியுற இடமும் ஒண்டா வந்து, மூண்டு ஒட்டும் ஒரே இடத்தில முண்டா நிக்கும். ஒண்டை அரை மீற்றர், மற்றதை ஒரு மீற்றர் குறைச்சு வையுங்கோ.

பின்னலைத் தட்டையா நிலத்தில வைச்சு, நடுவில இருந்து சுத்திச் சுத்தி மொத்த நூலால தையுங்கோ. மடியில வைச்சுத் தைச்சால் தன்பாட்டில கிண்ணமாக் குழியும். விளிம்பு மேல எழும்பினால் பின்னலை இறுக்கி இழுக்கிறீங்கள். அலை அலையாச் சுருங்கினால் தளர விட்டிட்டீங்கள். இரண்டுக்கும் மருந்து ஒண்டுதான், பிழை தொடங்கின சுத்து வரைக்கும் பிரிச்சுத் திரும்பத் தைக்கிறது. இஸ்திரிக்கை வைச்சு அமத்தினால் ஒரு நாளைக்கு நிக்கும், அவ்வளவுதான்.

ஒரு முழுச்சீலையில முக்கால் மீற்றருக்குக் கிட்ட வட்டம் வரும். ஆனால் மாரியில பெரிசு காயாது. 45 சென்ரிமீற்றரில இரண்டு அல்லது மூண்டாச் செய்து மாத்தி மாத்திப் போடுங்கோ.

கடற்காத்து (முல்லைத்தீவு)

வாடைக்கு (வடகீழ்க் காத்து) பட்டத்தை ஒருத்தரும் சொல்லேல்லை. மார்கழி லீவில மழை விட்ட நாளுக்குச் சின்னப் பட்டம், ஈர்க்கிலயே கட்டலாம். நிமிர்ந்த ஈர்க்கு 50, குறுக்கு ஈர்க்கு 45 சென்ரிமீற்றர். குறுக்கை மேல இருந்து 13 சென்ரிமீற்றரில வைச்சு நூலால கட்டி, சுத்திவர நூல் இழுத்து, ரிசுத்தாளை (மெல்லிய நிறத்தாள்) கோதுமைமாப் பசையால ஒட்டுங்கோ. குறுக்கு ஈர்க்கை விரல் நடுவில வைச்சுப் பாருங்கோ, இரண்டு பக்கமும் சமமா நிக்கவேணும். ஒரு பக்கம் சரிஞ்சால் அந்தப் பக்கத்தைச் சத்தகத்தால சீவுங்கோ.

முச்சை (பட்டத்தில கட்டி நூலை முடியுற கயிறு) கட்டுறதிலதான் எல்லாம். தலையில குத்திக்கொண்டு சுழண்டால் வால் காணாது, நீட்டுங்கோ. பட்டத்தைப்போல ஐந்து மடங்கு நீளம் வரைக்கும் போகலாம். எழும்பாமல் பின்னுக்கு இழுபட்டால் முச்சை முடிச்சை ஒரு விரற்கடை மேல ஏத்துங்கோ. கரண்ட் கம்பி இல்லாத வெளியாப் பாத்து விடுங்கோ. கம்பியில மாட்டினால் அதை அப்பிடியே விட்டிட்டு வரச்சொல்லி முதலே சொல்லிவைக்கவேணும்.

குளக்கரை (விசுவமடு)

எல்லாம் கொப்பியில ஏறிட்டுது. கடைசியா ஒண்டு: நீத்துப்பெட்டி மாரியில கறுப்புப் புள்ளி போடுது. கழுவிப் பாவிக்கலாமா, எறியிறதா? புதுசு இழைச்சால் எப்பிடிப் பழக்கிறது?

ஒட்டுசுட்டான் அன்ரி

புள்ளி ஓலைக்குள்ள இறங்கினால் பிட்டு அவிக்கப் பாவிக்காதேங்கோ பிள்ளை, விரலால உரசிப் போகாட்டி இறங்கிட்டுது எண்டு அர்த்தம். அதை உள்ளி, வெங்காயம் போட்டு வைக்கிறதுக்குக் கொழுவிவிடுங்கோ.

புதுசை முதலில கொதிதண்ணியில 10 நிமிசம் அமத்தி வைச்சு, வெயிலில காயவிட்டு, பிறகு சும்மா ஒருக்கால் ஆவியில வையுங்கோ. ஓலை மணம் போயிடும். இழைக்கேக்க பெட்டி மாதிரி நெருக்காதேங்கோ, ஆவி ஏறக் கண் கொஞ்சம் இளகி நிக்கவேணும். மா கொட்டுற அளவுக்கு அகலவும் கூடாது. பானையில பாதிக்குத் தண்ணி. கூம்பின்ர நுனி தண்ணியில முட்டினால் அடிப்பிட்டு களியாப் போகும். பானை வாய்க்கும் பெட்டிக்கும் இடையில ஈரத்துணி சுத்தினால் ஆவி பக்கத்தால போகாது, 10, 12 நிமிசத்தில அவியும்.

ஒவ்வொரு முறையும் பிட்டைக் கொட்டின உடன, மா காய முன்னம் வெறுந்தண்ணியில தும்பால உரஞ்சுங்கோ. சவுக்காரம் போடாதேங்கோ, ஓலை குடிச்சு வைச்சிருக்கும். மழை நாளில அடுப்பு அணைச்ச சூட்டில, விறகுக்கு மேலால ஒரு கம்பியில தலைகீழாக் கொழுவிவிடுங்கோ. காஸ் அடுப்பெண்டால் இரண்டு நீத்துப்பெட்டி வைச்சு ஒண்டுவிட்ட நாள் மாத்திப் பாவிக்கிறதுதான் வழி, ஒரு இரவில அது காயாது.